பொட்டலத்தில் என்ன இருந்தது

கே.ஜி.கண்டிகை
12.8.2024

கவிப்பிரியாவுக்கு கஜபதி எழுதுவது.

உன் அக்கா நன்றாக இருக்கிறாள். கடிதம் என்றதும் நீ பதறுவாய், அதனால் முதலில் இதைச் சொல்லிவிட்டேன். சுலோச்சனாவுக்கு ஆறு மாதம் முடியப்போகிறது. ரத்த அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. படுத்தே இருக்க வேண்டும், மனசில் எந்தக் கவலையும் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை.

அதனால்தான் போன் பண்ணவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் அவள் தலைமாட்டில் இருக்கிறது. பம்பு மெக்கானிக் ஷரீப் கடையிலிருந்து பேசலாம். பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் கொஞ்சம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

கத்தரி வாடுகிறது. முதல் பறிப்பு எடுத்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. ஆடிக்கிருத்திகைக் கூட்டம் கலைந்த அடுத்த வாரம் மேற்கு ஓரத்தில் நாலு செடி தலை தொங்கிப்போய் நின்றது. வெயில் என்று நினைத்தேன். மறுநாள் பதினொன்று. நேற்று எண்ணவில்லை, எண்ணப் பயமாக இருந்தது. இலை பச்சையாகவே இருக்கிறது, பச்சையாகவே தொங்குகிறது. தண்ணீர் விட்டாலும் நிமிரவில்லை.

மே மாதம் நீ உன் உயிர் உரக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பொட்டலங்களை நீ சொன்னபடி தொழு உரத்தில் கலந்து போட்டேன். யூரியாவைப் பாதியாகக் குறைத்தேன். மண்ணில் இருக்கிற நல்ல பாக்டீரியா காற்றிலிருந்து சத்தை இழுத்து வேருக்குக் கொடுக்கும் என்றாய். செடி ஏற்கெனவே வெளுத்துத்தான் வளர்ந்தது. பொறுத்துக்கொண்டேன். இப்போது வாடுகிறது.

என் பேச்சைக் கேட்டு ஹேமநாதனும் உன் பொட்டலத்தைப் போட்டிருக்கிறான். கீழ் நிலம் அவனுடையது. கேள்வி ஒன்றுதான். பொட்டலத்தில் என்ன இருந்தது?

வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. ஷரீப் கடை, பஸ் நிலையம் பின்புறம், திருத்தணி.

கஜபதி

---

ஓசூர்
16.8.2024

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பிரித்தேன். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

பொட்டலத்தில் இருந்தது அசோஸ்பைரில்லம். வேரை ஒட்டி வாழும் பாக்டீரியா. அது எந்தச் செடியையும் வாட வைக்காது. இதை நான் அடித்துச் சொல்வேன்.

ஆனால் பச்சையாகவே தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று செய்து பாருங்கள். வாடிய செடி ஒன்றைத் தரையோடு ஒட்டி அறுத்துக்கொள்ளுங்கள். அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிஷம் போதும். ஒன்றும் வரவில்லை என்றால் பூஞ்சையோ பூச்சியோ, மருந்து இருக்கிறது. முனையிலிருந்து வெள்ளையாக நூல் போல இறங்கினால் அது வாடல் கிருமி, உடனே எழுதுங்கள்.

மீதிப் பொட்டலம் ஏதாவது இருந்தால் கூரியரில் அனுப்புங்கள்.

நேற்று அக்கா பேசினாள். "கத்தரி எப்டி காய்க்குதுன்னு உங்க பாவாவ கேட்டா சரியாவே சொல்ல மாட்டறாரு. உனுக்கு எதுனா சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போது உங்கள் கடிதம் வந்து சேரவில்லை, அதனால் பொய் இல்லை. இனிமேல் கேட்டால் பொய்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். முதலில் நீங்கள் டம்ளரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கவி

---

கே.ஜி.கண்டிகை
19.8.2024

கவி,

நூல் இறங்கியது.

ஷரீப் கடையில் வைத்துத்தான் பார்த்தேன். அவர் டீ குடிக்கிற டம்ளரைக் கழுவிக் கொடுத்தார். இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் பீடிப் புகை தலைகீழாக இறங்குகிற மாதிரி வெள்ளையாக ஒரு இழை. பக்கத்திலேயே இன்னொன்று. அடியில் போய்ச் சுருண்டு தண்ணீரே பால் மாதிரி ஆகிவிட்டது. "இன்னா கஜபதி இது, செடிக்குள்ளாற இருந்தா வருது?" என்று ஷரீப் கேட்டார்.

அந்த டம்ளரை என்ன செய்வது என்று தெரியவில்லை. உடைத்துப் புதைத்துவிட்டேன்.

இப்போது நான் கேட்கப்போவதுதான் முக்கியம். மற்றதெல்லாம் அப்புறம். முதல் பறிப்பில் நல்ல காயாகப் பொறுக்கி உன் அக்காவுக்குக் கொண்டுபோனேன். எண்ணெய்க் கத்தரிக்காய் கேட்டாள். இரண்டு நாள் தின்றாள். அந்தக் காய் மேற்கு ஓரத்தில் பறித்தது. இந்தக் கிருமி மனுஷ உடம்புக்குள் போனால் என்ன செய்யும்? வயிற்றில் இருக்கிற பிள்ளையை என்ன செய்யும்? முந்தாநாள் அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. அது வழக்கம்தான் என்று டாக்டரம்மா சொல்கிறார். நான் அவரிடம் காய் சமாச்சாரத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து வீட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகவில்லை. சாப்பிடுவதற்கு முன்னால் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருக்கிறது.

நீ எழுத நினைத்த இன்னொன்று என்ன?

ஒரே ஒரு பொட்டலம் மீதி இருந்தது. இதோடு கூரியரில் வருகிறது.

கஜபதி

---

ஓசூர்
21.8.2024

பாவா,

அக்காவுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. இந்த வரியை இரண்டு தரம் படியுங்கள். வாடல் கிருமி செடியின் தண்டுக் குழாயை அடைக்கும், மனிதர்களை ஒன்றும் செய்யாது. உங்கள் மன நிம்மதிக்கு வேண்டுமானால் டாக்டரம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், அவரும் இதைத்தான் சொல்வார்.

இப்போது அந்த இன்னொன்று. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

வாடல் கிருமியும் எங்கள் கம்பெனியில், எங்கள் அறையிலேயே இருந்தது. அதை எதிர்த்து நிற்கிற வேறொரு நல்ல பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தோம். எது ஜெயிக்கிறது என்று பார்க்க இரண்டையும் ஒரே தட்டில் வளர்ப்போம். ஏப்ரல் மாதம் காலையில் அந்த வேலை, மத்தியானம் உங்கள் பொட்டலத்துக்கான பாக்டீரியாவை வளர்க்கும் தாய்க்குப்பி. இரண்டுக்கும் என் கைதான். கிருமியைத் தொடும் ஊசியைத் தீயில் காட்டாமல் நான் வேலை செய்ததே இல்லை. அப்படித்தான் என் ஞாபகம் சொல்கிறது. ஆனால் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என் ஞாபகத்தையே நான் நம்பவில்லை. கண்ணை மூடினால், காட்டாமல் விட்ட ஒரு தரம் தெரிகிற மாதிரி இருக்கிறது. நிஜமா, பயத்தில் நானே உண்டாக்கிக்கொண்டதா, சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்திருப்போம். அதையும் நீங்கள் அனுப்பியதையும் சேர்த்துப் பரிசோதிக்கிறேன். கரைத்துத் தட்டில் பூசி வைத்தால் மூன்று நாளில் தெரியும். வாடல் கிருமி இருந்தால் வெள்ளையாக வழிந்து, நடுவில் இளஞ்சிவப்பாக வளரும்.

அதுவரை ஒரு வேலை இருக்கிறது, அது என்னைவிட உங்களுக்குத்தான் கஷ்டம். இந்தக் கிருமி தண்ணீரோடு போகும். உங்கள் வயலில் பாய்ந்த தண்ணீர்தானே ஹேமநாதன் மாமா நிலத்துக்கு இறங்குகிறது? மடையை அடைத்துவிடுங்கள். மண்வெட்டியையும் காலையும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவாமல் வரப்பைத் தாண்டாதீர்கள். வாடிய செடியைக் கால்வாயில் போடாமல் எரியுங்கள். அவரிடமும் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

கவி

---

கே.ஜி.கண்டிகை
25.8.2024

கவிப்பிரியாவுக்கு,

உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். படித்துவிட்டுக் கிழிக்கப்போனேன். அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிய முதல் பத்திக்காகக் கிழிக்கவில்லை. டாக்டரம்மாவிடமும் கேட்டேன். சிரித்துவிட்டு, அதேதான் சொன்னார்.

வாடல் கிருமியை வளர்க்கிற கையால் எனக்கு உரம் செய்து கொடுத்தாயா? இதை மே மாதமே சொல்லியிருந்தால் பொட்டலத்தை வாசலிலேயே வைத்திருப்பேன். இதற்குமேல் எழுதினால் வார்த்தை தடித்துவிடும்.

மடையை அடைத்துவிட்டேன். உனக்குத் தெரியும், கிணறு மேலே எங்கள் பக்கம் இருக்கிறது. நைனா காலத்திலிருந்தே கீழ் நிலத்துக்குத் தண்ணீர் எங்கள் கத்தரிக்குள் நுழைந்துதான் போகிறது. அடைத்தால் ஹேமநாதனுக்குத் தண்ணீர் இல்லை. அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ சொன்னாய் என்பதற்காகச் சொல்லவில்லை.

அவன் வரப்பில் நின்றுகொண்டு கேட்டான்:

"இன்னா கஜா, மடைய அடைச்சிகினு நிக்கிற? என் முறையாச்சே இன்னிக்கி."

"என் தண்ணி உனுக்கு வாணாம்டா. செடில கிருமி கீது. தண்ணிலயே வரும்."

"எந்தக் கிருமி? நீ வாங்கியாந்து குடுத்தியே, அதா?"

"தெரியல."

"தெரியலன்னா? போடச் சொல்லச்சொல்லோ தெரிஞ்சிதா?"

அவன் செருப்பைக்கூட மாட்டாமல் தன் நிலத்துக்கு ஓடினான். ஒவ்வொரு செடியாகக் குனிந்து தொட்டுப் பார்ப்பது மேலே இருந்தே தெரிந்தது. என்னைவிட இரண்டு வயது பெரியவன். இவ்வளவு பயந்து அவனை நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஷரீப் வந்து கிணற்றிலிருந்து கீழ் நிலத்துக்கு என் கத்தரியைச் சுற்றிக் குழாய் போட்டுக் கொடுத்தார். இப்போது ஹேமநாதனுக்குத் தண்ணீர் போகிறது. என் வயலுக்கு நானே விடுவதில்லை. விட்டால் கசிந்து இறங்கும். வாடாத செடியும் காய்கிறது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள். கிருமி விதைத்தவன் என்று டீக்கடையில் ஒருவன் சொன்னானாம்.

தட்டில் என்ன வந்தது? எதுவானாலும் எழுது. மழுப்பாதே.

கஜபதி

---

ஓசூர்
28.8.2024

பாவா,

எங்கள் பொட்டலத்தில் வாடல் கிருமி இல்லை. நாங்கள் எடுத்து வைத்திருந்ததிலும் இல்லை, நீங்கள் அனுப்பியதிலும் இல்லை. முதலில் நான் பார்த்தேன். என் கண்ணை நம்பாமல், எங்கள் மேலாளர் நிர்மலா மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, யாருடைய பொட்டலம் என்று தெரியாதபடி எண் மட்டும் போட்டு, அவரையே பார்க்கச் சொன்னேன். அவரும் இல்லை என்றார். ஒரே அறையில் இரண்டு வேலையும் நடந்தது தப்பு என்று எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். இதனால் வேலை போகுமா இருக்குமா என்று தெரியாது. வாடல் கிருமித் தட்டுகளை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. மழுப்பாதே என்றீர்கள்.

எங்களிடம் இருந்த பொட்டலத்தில் அசோஸ்பைரில்லம் உயிரோடு இருக்கிறது. நீங்கள் அனுப்பியதில் கிட்டத்தட்ட எல்லாமே செத்துக் கிடக்கிறது. பொட்டலத்தைப் பரணில் வைத்ததாக அக்கா எப்போதோ சொன்னாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், மே மாத வெயிலில், நடவு வரைக்கும் ஒரு மாதம். இவை உயிருள்ளவை பாவா. குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் வாயால் சொன்னேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை.

இன்னும் இருக்கிறது. யூரியாவைக் கால் பங்கு குறைக்கலாம் என்றுதான் நாங்கள் எல்லாருக்கும் சொல்வது. உங்களிடம் பாதி என்றேன். என் சொந்த வீட்டு வயலில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை. செத்த பாக்டீரியாவைப் போட்டு, உரத்தையும் பாதியாக்கி, செடியைப் பட்டினி போட்டது நான். வெளுத்து வளர்ந்தது என்று எழுதினீர்களே, அது என்னால்தான்.

வாடலை நான் கொண்டுவரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மண்ணில் இருந்திருக்கலாம், நாற்றில் வந்திருக்கலாம். நாற்று உங்களுடைய சொந்த நாற்றுதானே?

கவி

---

கே.ஜி.கண்டிகை
5.9.2024

கவிக்கு,

சொந்த நாற்று இல்லை. முழுக்கச் சொந்த நாற்று இல்லை.

இதை எழுதுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. என் நாற்றங்காலில் கொஞ்சம் குறைந்துபோனது. நகரி பக்கம் ஒருவனிடம் வாங்கி மேற்கு ஓரத்தில் நாலு வரிசை நட்டேன். அன்றைக்கே வேரில் பழுப்பு இருந்தது. பார்த்தேன். போகட்டும் என்று நட்டேன். முதல் நாலு செடி வாடியது அந்த வரிசையில்தான். அது எனக்கு முதல் நாளே தெரியும் கவி. தெரிந்துகொண்டேதான் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று உன்னைக் கேட்டேன். நானாக இருக்கக் கூடாது என்று பயம். நீயாக இருந்தால் என்னால் தாங்க முடியும், நானாக இருந்தால் தாங்க முடியாது என்று தோன்றியது. அந்தப் பயத்தில் உன்னை மூன்று வாரம் வறுத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தது. மடையை அடைக்கலாம், மழையை எதைக் கொண்டு அடைப்பது? வயல் முழுக்கத் தண்ணீர் நின்று வரப்பைத் தாண்டினால் ஹேமநாதனுக்கும் முடிந்தது. நான் ஒருவனாக மண்ணை வெட்டிக் கீழ் வரப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் துளி விழுந்தது. ஒரு பக்கம் உயர்த்தினால் இன்னொரு பக்கம் கரைகிறது.

அப்போது வரப்புக்கு அந்தப் பக்கமும் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஹேமநாதனும் அவன் மனைவி கெங்கம்மாளும். அவர்கள் பக்கத்து மண்ணை அவர்கள் போட்டார்கள், என் பக்கத்து மண்ணை நான் போட்டேன். மழை முக்கால் மணி நேரம் அடித்தது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஏறிக்கொண்டே வந்தது. நாலு விரல் இடம் மிச்சம். நான் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். எந்தச் சாமியை என்று கேட்காதே, மலை இருந்த திசை தெரியவில்லை. அதற்குமேல் ஏறவில்லை.

மழை விட்டதும் அங்கேயே நின்றபடி நகரி நாற்றுச் சமாச்சாரத்தை ஹேமநாதனிடம் சொன்னேன். "பழுப்ப பாத்துக்கினே நட்டியா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் சேற்றில் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டான். அது எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் எல்லாச் செடியையும் பிடுங்கினேன். காய்த்து நின்றதையும் பிடுங்கினேன். நிற்கட்டும் என்று விட்டால் அதிலிருந்து பரவும். மூன்று நாள் காயவைத்து எரித்தேன். உன் அக்கா புகை வாசம் என்ன என்று கேட்டாள். சருகு என்றேன்.

ஹேமநாதன் செடியில் எப்போது வாடும் என்று தினமும் மேலே நின்று பார்க்கிறேன். எத்தனை நாள் பயப்பட வேண்டும்? அதைச் சொல்.

கஜபதி

---

ஓசூர்
9.9.2024

பாவா,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். கோபம் பாதி, மீதி என்னவென்று தெரியவில்லை. மூன்று வாரமாக என் கையைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளியின் கை மாதிரி இருந்தது. அதை நீங்கள் தெரிந்தே செய்தீர்கள் என்பது வலிக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். உங்களைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். மழைக்குப் பிறகு ஒரு மாதம் வாடாவிட்டால் கிருமி கீழே இறங்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். ஓரளவுதான். உங்கள் நிலத்தில் இரண்டு வருஷமாவது கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம். கேழ்வரகு, சோளம், நெல் போடுங்கள். அவற்றில் இந்தக் கிருமிக்கு இடம் இல்லை.

ஹேமநாதன் மாமா பொட்டலத்தை எங்கே வைத்திருந்தார், எவ்வளவு யூரியா குறைத்தார் என்று முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு அவரிடம் பேசத் தைரியம் இல்லை.

அக்கா நேற்று வெகுநேரம் பேசினாள். கத்தரியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை.

வேலை இருக்கிறது. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

கவி

---

திருத்தணி
31.10.2024

அன்புள்ள கவிக்கு,

போனில் உனக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. பெண் பிள்ளை, திங்கட்கிழமை காலை, இரண்டு கிலோ இருநூறு. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். போனில் சொல்ல முடியாததை எழுத ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அவள் சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து, கத்தரி போன கதையைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பேன்.

"தெரியும்" என்றாள்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. கத்தரி போட்ட ஊட்ல ரெண்டர மாசமா ஒரு கத்தரிக்காய் வரல. நீங்க இன்னாடான்னா கைய தேச்சிகினே கீறீங்க. எனுக்கு மட்டும் புரியாதா?"

"அப்போ ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லணும். சொன்னா நான் பயந்துட்டேன்னு நீங்க இன்னும் பயப்படுவீங்க. கவிகிட்ட கேட்டா அவளும் பொய் சொல்லணும். அதான் செவுத்த பாத்துகினு படுத்திருந்தேன்."

கவி, ஒரே வீட்டில் இரண்டு பேர், ஓசூரில் நீ ஒருத்தி. மூன்று பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஹேமநாதன் தோட்டம் வாடவில்லை. மழைக்குப் பிறகு இரண்டு மாதம் ஆகிவிட்டது. நீ கேட்டதை அவன் மனைவியிடம் விசாரித்தேன். அவன் பொட்டலத்தைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் வைத்திருந்தானாம், எலி கடிக்கும் என்று மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து. யூரியாவையும் பாதியாகக் குறைக்கவில்லை. "கஜாவ நம்பி பாதியெல்லாம் கொறைக்க முடியாது" என்று கால் பங்குதான் குறைத்தானாம். செடி கரும்பச்சையாக நிற்கிறது. மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்று காலை அவனே ஆஸ்பத்திரிக்கு வந்தான். இரண்டு மாதம் என்னிடம் முகம் கொடுக்காதவன். பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்தான். வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கேழ்வரகு போடப்போவது அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது. கேட்டான்:

"கேவுரு வெதைக்கப் போறியாமே. உன் மச்சினிச்சிகிட்ட சொல்லி பொட்டலம் வரவழிப்பியா? எனுக்கு அடுத்த பட்டத்துக்கு வோணும். உனுக்கும் சேத்து சொல்லு."

மறுபடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் போட வேண்டும், போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் விடிந்ததும் போய் நின்று பார்க்க வேண்டும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆங், சொல்றேன்" என்றேன்.

கஜபதி